ராமுத்தாயின் நாற்பது குப்பிகள்

ராமுத்தாய்க்கும் எனக்கும் ஒரே வயது. உடும்பஞ்சோலைக்கு மேலே உள்ள ஏலத்தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில், நடுவில் இரண்டு வீடு தள்ளிப் பிறந்தோம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை ஒரே பலகையில் உட்கார்ந்தோம். அதற்கு மேல் படிக்க மலை இறங்க வேண்டும். இரண்டு வீட்டிலும் அனுப்பவில்லை. ஒரே வருஷத்தில் காய் எடுக்கப் போனோம். என் வீட்டுக்காரர் போடிப் பக்கத்தில் அவள் அப்பாவுடைய ஊர்க்காரர். அவரை அவள் அண்ணன் என்றாள். அதனால் நான் மதினி ஆனேன். இத்தனையையும் சமமாகக் கொடுத்த முனீஸ்வரன் கண்ணை மட்டும் அவளுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டான்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் சரத்தில் காய்க்கும். குத்தவைத்து உட்கார்ந்து, தலையைச் செடித் தட்டைகளுக்குள் நுழைத்து, முற்றிய காயை மட்டும் கிள்ள வேண்டும். ஒரு பிஞ்சு தவறி வந்தாலும் கங்காணி பைக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்து எல்லோருக்கும் காட்டுவார். ராமுத்தாய் பையில் அப்படி ஒரு பிஞ்சை அவர் எடுத்ததே இல்லை. "இவளும் உங்கள மாதிரி ரெண்டு கண்ணுதான் வச்சிருக்கா" என்று சொல்லி அவள் பையைத் தூக்கிக் காட்டுவார். 'உங்கள' என்னும்போது என்னைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றும். காட்டு வேலையில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் தோன்றியது.

காயோடு அவள் இன்னொன்றும் பொறுக்குவாள். நத்தை ஓடு. மழைக்காலத்தில் தட்டையின் அடியில் குன்றிமணி அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை நத்தைகள் இருக்கும். எங்களுக்கு அவை பூவைத் தின்கிற சனியன்கள். கண்டால் காலால் நசுக்குவோம். அவள் நசுக்க மாட்டாள். வெறும் ஓடாகக் கிடந்தால் சீலை முந்தியில் முடிந்துகொண்டு போய் ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பாள். அவள் மகள் இந்து தவழ்ந்த காலத்தில் அந்த டப்பாவை உருட்டித்தான் விளையாடியது. என் மகள் ஆனந்தி கையில் ஒரு ஓட்டைக் கொடுத்தால் வீறிட்டு அழுவாள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், காலியாகக் கிடந்த பழைய மானேஜர் பங்களாவை ஒரு பல்கலைக்கழகம் எடுத்தது. வருஷா வருஷம் மழை நேரத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகள் வந்து தங்குவார்கள். பூச்சி, புழு, அட்டை, நத்தை என்று முதுகெலும்பு இல்லாத உயிர்களைப் பற்றி ஒரு பாடம். ஜீனோம் என்று இன்னொரு பாடம். எங்கள் ஆட்கள் அதற்குப் பூச்சி பங்களா என்று பெயர் வைத்தார்கள். கூட்டிப் பெருக்கி, சமைத்து, கண்ணாடிச் சாமான் கழுவ ஒரு ஆள் கேட்டார்கள். எனக்கு முட்டிவலி வந்து குத்தவைக்க முடியாமல் போன நேரம். நான் போனேன்.

அந்த வேலை கிடைத்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக ராமுத்தாயிடம் இல்லாதது ஒன்று என்னிடம் இருந்தது.

டீ கொடுக்கப் போகும்போது பாடம் காதில் விழும். பாலக்காட்டு சுஷ்மா டீச்சர்தான் எல்லாவற்றுக்கும் தலைவி. கல்பாத்தியில் பிறந்தவர். வெள்ளிக்கிழமை விரதம் விடமாட்டார். ஜீனோம் என்றால் என்ன என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"ஒவ்வொரு ஜீவனுக்குள்ளேயும் எழுதி வெச்சிருக்கு, சின்னத்தாயி. நாலே நாலு எழுத்தாக்கும். அதையே மாத்தி மாத்திக் கோடிக்கணக்கா எழுதியிருக்கு. அதைப் படிச்சா, இது எந்தக் குடும்பம், எந்த மலை, யாரோட யார் ஒறவுன்னு சொல்லிப்பிடலாம்."

"தலையெழுத்துன்னு சொல்லுவாகளே, அதா டீச்சர்?"

"தலையிலே மட்டுமில்லே. கால், வால் எல்லா எடத்திலேயும் அதே எழுத்து இருக்கு. நத்தையைச் சுத்தமான ஸ்பிரிட்லே போட்டு வெச்சா அந்த எழுத்து அழியாது. அதனாலேதான் ஸ்பிரிட் குப்பியை நன்னா இறுக்கி மூடச் சொல்றேன்."

பதினாலு வருஷம் மூடி இறுக்கினேன். ஒரு தடவைகூட என்னை யாரும் நத்தை தேடக் கூப்பிட்டதில்லை.

ஆனந்தியும் இந்துவும் ஒரே வயது. பத்தாம் வகுப்பில் ஆனந்திக்கு இந்துவைவிட முப்பத்திரண்டு மார்க் அதிகம். அதை நான் இன்னும் மறக்கவில்லை. பன்னிரண்டு முடிந்ததும் பாலக்காட்டுக் கிழக்கில் சித்தூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நல்ல கல்லூரி இருக்கிறது, விடுதியும் இருக்கிறது என்று பள்ளி வாத்தியார் இரண்டு வீட்டிலும் வந்து சொன்னார். பொம்பளைப் பிள்ளையை இத்தனை மலை தாண்டி எப்படி விடுவது என்று நான் ஆனந்தியை நிறுத்தினேன். ராமுத்தாய் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் மாறி மாறிப் போய் விட்டுவிட்டு வந்தாள். திரும்பி வந்தவள் என்னிடம், "கண்ணுக்கெட்டுன தூரம் பூரா நெல்லு, மதினி. மலையே இல்ல. எனக்குத் தலை சுத்திருச்சு" என்று சிரித்தாள்.

ஆனந்தி இப்போது சித்திரபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் வேலை செய்கிறாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். அவள் வருத்தப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன வருஷம் புரட்டாசியில் எம்.எஸ்ஸி. கூட்டத்தோடு இந்து பங்களாவுக்கு வந்தாள். நான் துடைக்கிற மேசையில் உட்கார்ந்தாள். நான் டீ கொண்டுபோனதும் எழுந்து, "வைங்கத்தை, நானே எடுத்துக்கிறேன்" என்றாள். நல்ல பிள்ளை. அவள் எழுந்தது எனக்குப் பிடிக்கவில்லை. எழாமல் இருந்திருந்தால் அதுவும் பிடித்திருக்காது.

அவளுக்கு ஒரு பிராஜெக்ட். தோட்டத்தில் ஐந்து இடத்தில் ஒரே சாதி நத்தையை எடுத்து, இடத்துக்கு இடம் அந்த எழுத்து எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். நத்தை தன் ஆயுசில் பத்துப் பதினைந்து அடிதான் நகருமாம். அதனால் ஓடைக்கரை நத்தையும் பாறைக்காட்டு நத்தையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் தூரத்துச் சொந்தம்தானாம். மூன்றாம் நம்பர் ஏலக்காடு, ஓடைக்கரை, பாறைக்காடு, பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் சோலை, முனீஸ்வரன் கோயில். இவைதான் ஐந்து இடங்கள்.

"எங்கம்மாவுக்கு நத்தை நல்லாத் தெரியும் டீச்சர்" என்று இந்து சொன்னாள். அடுத்த நாளே ராமுத்தாய்க்கு ஆள் போனது.

ஐந்து நாள் காட்டில் சுற்றினார்கள். நான் சோற்றுத் தூக்கைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். சித்தூரிலிருந்து வந்த மணிகண்டன் என்ற பையன் ஒரு மணி நேரமாகத் தேடி ஒன்றும் கிடைக்காமல் ராமுத்தாயிடம் வந்தான்.

"ஏனுங்க அக்கா, நாங்க வந்தா மட்டும் எல்லாம் ஓடிப் போயிருதுங்களா?"

"அது எங்கிட்டுத் தம்பி ஓடும். நீ நின்னுக்கிட்டுத் தேடுற. குத்தவை. சும்மா உக்காந்திரு. எல பூரா அசையாம இருக்கும்போது ஒண்ணு மட்டும் லேசா அசையும் பாரு."

"காலெல்லாம் அட்டை ஏறுதுங்க."

"ஏறட்டும். குடிச்சுட்டு அதாப் போயிரும். ஒனக்கு ரத்தம் இருக்குல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். சுஷ்மா டீச்சரும் குத்தவைத்து உட்கார்ந்தார். பதினாலு வருஷத்தில் அவர் அப்படி மண்ணில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ராமுத்தாய் ஒவ்வொரு நத்தையையும் எடுத்து, "கோவிச்சுக்கிறாத" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஸ்பிரிட்டில் போட்டாள். டீச்சர் அதைக் கேட்டுக் கண் கலங்கினார். அந்த ஐந்து நாளும் நான் ஒவ்வொரு உயிருக்கும் மனசுக்குள் முனீஸ்வரனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாய்விட்டுச் சொல்லாததால் அது யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கோயில். அங்கே விளக்குப் போடுவது நான்தான். ஆடிக் கொடைத் திருவிழாவுக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் நான்தான். நான் சூடம் காட்டி உத்தரவு கேட்ட பிறகுதான் அவர்கள் உள்ளே வந்தார்கள். அதோடு என் வேலை முடிந்தது.

மொத்தம் நாற்பது குப்பி. விரல் நீளம்தான் இருக்கும். பென்சிலால் சீட்டு எழுதி உள்ளே போட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று இந்து மார்க்கர் பேனாவால் வெளியிலேயே எழுதி வைத்தாள். மேலே தமிழில் ஒரு வரி. அதற்குக் கீழே இங்கிலீஷில் எழுத்தும் நம்பருமாக ஒரு வரி. நோட்டிலும் ஏற்றவில்லை. அன்று சாயங்காலம் பூஜைவைப்பு. பாலக்காட்டுப் பக்கம் அதில் ரொம்பக் கண்டிப்பு. சரஸ்வதிக்கு முன்னால் புத்தகத்தை வைத்துவிட்டால் விஜயதசமி காலை வரைக்கும் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. டீச்சர் எல்லோர் நோட்டையும் வாங்கிப் பட்டுத்துணியில் கட்டிச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் மதியம் எல்லோரும் ஜீப்பில் ஊர் சுற்றப் போனார்கள். நான் தனியாக இருந்தேன். வருஷா வருஷம் பூஜைக்கு மைக்ராஸ்கோப், தட்டு, குப்பி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. துடைத்துக்கொண்டே வந்தேன். நாற்பது குப்பியும் மரத்தட்டில் நின்றன. தமிழ் எழுத்து எனக்குப் படிக்க வரும். முதல் குப்பியில் மேல்வரியை எழுத்துக்கூட்டினேன். ராமுத்தாய். இரண்டாவது குப்பி. ராமுத்தாய். மூன்றாவது. நாற்பதிலும் அவள்தான். எடுத்தவர் பெயர் எழுத வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மகள் தன் அம்மா பெயரை அழகாகச் சுழித்து எழுதியிருந்தாள்.

ஆனந்தி என் பெயரை எதிலாவது எழுதியிருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தேன். ரேஷன் கார்டு நினைவுக்கு வந்தது. அதிலும் ஆபீஸ்காரர்தான் எழுதினார்.

கையில் ஸ்பிரிட் தொட்ட துணி இருந்தது. ஒரு குப்பியில் அந்த மேல்வரியை மட்டும் துடைத்தேன். ஒரே இழுப்பில் போய்விட்டது. ஆனால் ஸ்பிரிட் வழிந்து கீழ்வரியும் கலங்கிக் கறுப்பாக இழுத்துக்கொண்டது. அப்படி விட்டால் அசிங்கமாக இருக்கிறதே என்று அதையும் துடைத்தேன். அப்புறம் இரண்டாவது. அப்புறம் கை நிற்கவில்லை. கீழ்வரிதான் இடத்தைச் சொல்கிற வரி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்றும் சத்தியம் செய்ய முடியாது. நாற்பது மூடியிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

விஜயதசமி காலையில் இந்து நோட்டை எடுத்துக்கொண்டு குப்பிகளிடம் போனாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"சின்னத்தாயி, செத்த இங்கே வாங்கோ. இதெல்லாம் நீங்களாக்கும் தொடச்சேளா?"

"பூசைக்கு வருசா வருசம் தொடைக்கிறதுதானே டீச்சர்."

அவர் என்னைத் திட்டவில்லை. இந்துவைப் பார்த்துத் திரும்பினார். "பென்சில்லே எழுதி உள்ளே போடணும்னு எத்தனை மட்டம் சொன்னேன்? அவா சுத்தம் பண்ணினது தப்பில்லே. உன் பேரிலே தப்பு. எது எந்த எடம்னு தெரியாத நத்தையை வெச்சிண்டு என்ன ஜீனோம் படிக்கப் போறே? அடுத்த மழைக்கு மறுபடி வந்து எடு. ஒரு வருஷம் போச்சு."

இந்து அழவில்லை. எழுத்துப் போன குப்பி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் நின்றேன்.

விஷயம் தெரிந்து ராமுத்தாய் காட்டிலிருந்து ஓடி வந்தாள், இடுப்பில் காய்ப் பையோடு. தட்டைப் பார்த்தாள். சீலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இதுக்கா இம்புட்டு? நான் எடுத்தது எனக்குத் தெரியாதா?" என்றாள்.

ஒவ்வொரு குப்பியாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஐந்து கூட்டமாகப் பிரித்தாள். "இது பாற. வாய் ஓரம் தேஞ்சிருக்கு பாருங்க, கல்லுல ஒரசி ஒரசி. இது ஓட. பாசி ஒட்டியிருக்கு. இது சோல, எலையடியிலயே கெடந்து வெளிறிப் போச்சு." நாற்பதையும் பிரிக்க அவளுக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "இதையே பிராஜெக்ட் ஆக்கிப்பிடலாம், இந்து. கண்ணாலே பாத்துச் சொல்றதும் ஜீனோம் சொல்றதும் ஒத்துவருமான்னு பாக்கலாம். போன வருஷக் கிளாஸ் இதே அஞ்சு எடத்திலே எடுத்துப் படிச்ச எழுத்து நம்ம கிட்டே இருக்கு. எட்டுக் குப்பியை லேபுக்கு அனுப்பறேன். ஒண்ணு தப்பினா பரவாயில்லே. ரெண்டு தப்பாப் போச்சுன்னா அடுத்த மழைதான்."

நான் துடைத்ததால் அவள் பெயர் போகவில்லை. பெரிதாகிவிட்டது. ராமுத்தாயை இனி ஒரு பல்கலைக்கழகமே பரீட்சை வைத்துப் பார்க்கப் போகிறது.

எட்டுக் குப்பியை யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. பிள்ளைகள் எடுத்தால் வேண்டியதைப் பார்த்து எடுத்துவிடுவார்கள். "சின்னத்தாயி எடுக்கட்டும்" என்றார் டீச்சர். "அவாளுக்கு இதிலே ஒண்ணும் தெரியாது. அதாக்கும் நல்லது."

ஒன்றும் தெரியாது. தட்டுக்குப் பக்கத்தில் போனேன். மூன்றாம் நம்பர் என்று ராமுத்தாய் ஒதுக்கிய கூட்டத்தில் இரண்டு குப்பியைப் பார்த்தேன். சின்ன நத்தைகள், ஓடு கண்ணாடி மாதிரி மெல்லிசு. உள்ளே குடல் ஓடுகிற இடத்தில் நூல் மாதிரி நீலம் தெரிந்தது. மூன்றாம் நம்பரில் துரிசும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்து அடித்திருந்தார்கள். அதைத் தின்ற நத்தை என்று ராமுத்தாய் நினைத்துவிட்டாள். மருந்து நீலம் பச்சை கலந்து இருக்கும். இது அந்த நீலம் இல்லை. துணிக்குப் போடுகிற நீலம். ஆடியில் கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்தபோது வெள்ளை பளிச்சென்று வரட்டும் என்று நான் கொஞ்சம் தாராளமாகக் கொட்டிவிட்டேன். ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும் என்று நத்தைகள் மழையில் ஊறிய அந்தச் சுவரை ராப்பகலாகச் சுரண்டித் தின்பதை விளக்குப் போடும்போதெல்லாம் பார்க்கிறேன். கீழே அவை போடுகிற எச்சமும் நீலமாகத்தான் கிடக்கும். அந்த இரண்டும் என் கோயில் நத்தைகள். ராமுத்தாயின் கண் தவறிவிட்டது.

நாற்பத்தேழு வயதில் முதல் தடவை தவறியது. அதைப் பார்த்தது நான் மட்டும்.

எட்டு எடுத்தேன். அந்த இரண்டையும் சேர்த்து எடுத்தேன்.

பொழுது சாயும் நேரம் விளக்குப் போடக் கோயிலுக்குப் போனேன். அவள் தவற வேண்டும் என்று சாமியிடம் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் நின்று என்னென்னவோ கேட்டிருக்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட வேண்டும், மழை விட வேண்டும், முட்டிவலி விட வேண்டும். இதைக் கேட்க வார்த்தை வரவில்லை. திரியைத் தூண்டிவிட்டு நின்றேன். அந்த நேரத்தில் ராமுத்தாய் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தாள்.

"இந்துக்காக ஊத்துறேன் மதினி" என்றாள். ஊற்றிவிட்டு நிமிர்ந்து, "நீங்க எடுத்தீக பாருங்க, அதுலதான் எனக்குத் தைரியம். சாமிக்கு வெளக்குப் போடுற கை. தப்பா எடுக்காது" என்றாள்.

நான் எண்ணெய்க் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பாலக்காட்டுக்கு ஜீப் புறப்பட நின்றது. ஐஸ் பெட்டியில் எட்டுக் குப்பியையும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மணிகண்டன் ஒவ்வொன்றையும் காட்டி ராமுத்தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பெரிய வாத்தியார் மாதிரி ஜீப்பில் சாய்ந்து நின்றுகொண்டு பதில் சொன்னாள். அவன் ஒரு நீலக் குப்பியைத் தூக்கினான்.

"இது எப்படிங்க அக்கா கண்டுபுடிச்சீங்க?"

"நீலம் தெரியுதுல்ல? அது மருந்தடிச்ச காட்டு நத்த. துரிசத் தின்னுருக்கு. இதெல்லாம் பாத்த ஒடனே சொல்லிரலாம் தம்பி."

எனக்குப் பொறுக்கவில்லை. பிழையைச் சொல்கிற வாயில் அத்தனை நிச்சயம்.

"அது துரிசு இல்ல" என்றேன். "துணிக்குப் போடுற நீலம். கோயில் செவுத்துக்கு நான் கலந்தது. அந்த ரெண்டும் கோயில் நத்த."

நல்ல மனசு வந்து சொல்லவில்லை. இந்துவின் வருஷம் போகக் கூடாது என்றும் சொல்லவில்லை. எனக்கும் தெரியும் என்று காட்டத்தான் சொன்னேன். எல்லோரும் என் பக்கம் திரும்பிய அந்த ஒரு நிமிஷம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ராமுத்தாய் குப்பியை வாங்கி வெயிலில் பிடித்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஆமா" என்றாள் உடனே. "துரிசுன்னா பச்ச அடிக்கும். மதினி சொல்றதுதான் சரி. நல்ல வேள." சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குக் கிடைத்த ஒரே ஜெயத்தையும் அவள் அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொடுத்துவிட்டாள்.

டீச்சர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்திக்கே தெரியுமோ உங்களுக்கு?"

நான் ஐஸ் பெட்டியைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுண்டுதான் இந்த ரெண்டையும் எடுத்தேளா?"

அவர் குரலில் கோபமே இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். "ஆமா டீச்சர்" என்றேன். அது வந்த பிறகு மற்றதை உள்ளே வைத்திருக்க முடியவில்லை. "பேரத் தொடச்சதும் தெரிஞ்சுதான். பூசைக்குத் தொடைக்கல. ராமுத்தாய் பேரு நாப்பதுலயும் இருந்துச்சு. பாக்க முடியல."

ஜீப் டிரைவர் ஹாரனை அடித்துவிட்டு, நிலைமையைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

ராமுத்தாய் என் கிட்டே வந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியாத முகமாக இருந்தது. "எம்மேல கோவம்னா எங்கிட்ட வந்து நாலு வார்த்த வைஞ்சிருக்கலாம்ல மதினி" என்றாள். "எம்புள்ள எழுத்துல என்ன இருந்துச்சு ஒங்களுக்கு?" காய்ப் பையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு காட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

இந்து ஜீப்பிடம் வந்தாள். அந்த இரண்டு குப்பியையும் திறந்தாள். பென்சிலால் இரண்டு சின்னச் சீட்டு எழுதி குப்பிக்கு ஒன்றாக உள்ளே போட்டாள். ஸ்பிரிட்டுக்குள் அது விரிந்தபோது படித்தேன். 'எடுத்தவர் ராமுத்தாய். இடம் சொன்னவர் சின்னத்தாயி.' என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "உள்ளதைத்தான் எழுதணும்" என்றாள். அத்தை என்று சேர்க்கவில்லை.

டீச்சர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அடுத்த பூஜைக்குக் குப்பி அலமாரியின் சாவியைத் தானே வைத்துக்கொள்வதாக மட்டும் சொன்னார். நிறுத்தியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. எட்டும் சரி. நத்தைக்குள் எழுதியிருந்ததும் ராமுத்தாய் சொன்னதும் ஒன்றாக இருந்தன, அந்த இரண்டு நீங்கலாக. அந்த இரண்டில் என் சொல்லோடு ஒத்திருந்தது. தை மாதம் இந்து தன் பிராஜெக்டைப் பாலக்காட்டில் எல்லோர் முன்னாலும் படித்தபோது ராமுத்தாயையும் மேடைக்கு அழைத்தார்கள். ஆனந்தி தன் போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். ராமுத்தாய் கையில் குப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போடியில் நாங்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி எடுத்த சீலை. அவளுக்கு அது எப்படி அப்படி நிற்கிறது என்று தெரியவில்லை. எனக்கு நின்றதில்லை.

"இன்னுமாம்மா?" என்றாள் ஆனந்தி, என் முகத்தைப் பார்த்து.

"போனை எடுத்துட்டுப் போ" என்றேன்.

பத்து மாதம் ராமுத்தாய் என்னோடு பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் எதிரெதிரே நிற்போம். அவள் குடம் நிறைந்ததும் என் குடத்துக்கு வழி விட்டு நகருவாள். அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் அவளுக்காக ஒரு திரி போட்டேன். மனசார வேண்டிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். வேண்டி முடித்து வருகிற வழியில் அந்த மேடைப் படம் நினைவுக்கு வந்துவிடும்.

இந்த ஆடியில் கொடைக்கு முந்தின நாள் சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளையடிக்கிற மட்டையும் வாளியுமாக ஒரு ஆள் வந்து பக்கத்தில் நின்றது. ராமுத்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை, நீலப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அத இங்கிட்டுக் குடுங்க. நான் கலக்குறேன். நீங்க கலந்தா நத்தையெல்லாம் சாயப் பட்டறையிலருந்து வந்தது மாதிரித் திரியுது."

"ஒனக்கு அளவு தெரியாது. திட்டுத் திட்டா நிக்கும்."

"நின்னா நிக்கட்டும்."

கொடுத்தேன். ஒரு சிட்டிகை, அப்புறம் அரைச் சிட்டிகை என்று போட்டுக் கையாலேயே கலக்கினாள். அடிப்பதற்கு முன்னால் சுவரில் இருந்த நத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லில் விட்டாள். நான் கீழ்ப்பக்கம் அடித்தேன், அவள் மேல்பக்கம் அடித்தாள். மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. அவள் காய் எடுக்கப் போன பிறகு கோயிலை ஒரு சுற்று வந்தேன். வெள்ளை முல்லைப்பூ மாதிரி இருந்தது. எங்காவது ஒரு திட்டு இருக்கும் என்று இன்னொரு சுற்று வந்தேன். நாலு சுவரிலும் ஒரு திட்டுக்கூட இல்லை.